ஜீப்பிலிருந்து கோட்டுப் படி வரைக்கும்

எங்கள் தெருவில் நாதஸ்வரம் கேட்டால் கலியாணம் என்று யாரும் எண்ணுவதில்லை. யாரோ வீட்டில் புருசன் பெண்சாதி சண்டை என்று அர்த்தம். சத்தம் கேட்டதும் அக்கம்பக்கம் முழுக்க வேலியோரம் கூடிவிடும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவது போல ஒருத்தி நிற்பாள். வேலியில் இல்லாத ஓட்டையை அடைப்பது போல ஒருவர் நிற்பார். அந்த நேரம் பார்த்து என் பக்கத்துக் கடை அக்கா தன் கடை ஸ்பீக்கரைத் திறந்துவிடுவா. கெட்டிமேளம் தெருவை நிறைக்கும். சண்டை பிடிக்கிறவர்களுக்கே தாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்காது. வேலியோரக் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்துபோகும்.

"என்னக்கா, காது வெடிக்குது" என்று ஒருமுறை அடுத்த கடையிலிருந்து நான் கத்தினேன்.

"வெடிக்கட்டும். காதுக்கு மருந்து இருக்கு. அந்தப் பெட்டை நாளைக்குக் கடைக்குப் போகேக்கை எல்லாரும் அவளைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பினமே, அதுக்கு என்ன மருந்து இருக்கு?"

அக்காவின் பெயரை எழுதமாட்டேன். பட்டினத்தின் பெயரும் வேண்டாம், ஏ-ஒன்பது வீதி ஓரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் யாராவது போய்ப் பார்ப்பீர்கள். ஆட்களைப் போய்ப் பார்ப்பதுதான் அவாவுக்குப் பிடிக்காத ஒரே விஷயம்.

எங்கள் இரண்டு கடையும் நீதவான் நீதிமன்றத்துக்கு நேர் எதிரே. எங்கள் ஊர்ப் பேச்சில் அது 'கோடு'. என்னுடையது போட்டோக் கொப்பிக் கடை. அவாவினது கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடை: மணவறை, குத்துவிளக்கு, தலைப்பாகை, குடை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் விவாகரத்து வழக்குக்கு நான் கொப்பி அடித்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் அவா முகூர்த்தத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருப்பா. "தம்பி, நான் சேத்து விடுறன், நீ பிரிச்சு விடு. ரெண்டு பேருக்கும் சாப்பாடு ஓடும்" என்பா.

இதையெல்லாம் கேட்டு அவாவை வாய் திறக்காத ஒரு புனிதவதி என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்க்கதை இல்லாமல் அவாவுக்குத் தேத்தண்ணி இறங்காது. மல்லாவியில் யார் யாரோடு ஓடினது, இரணைமடுக் குளத்தில் மீன்பிடிக்கிறவருக்கு எத்தனையாவது பெண்சாதி, எல்லாம் அவாவிடம் சுடச்சுட இருக்கும். நான் இதைக் குத்திக்காட்டினால் கோபம் வராது.

"கதைக்கிறது வேறை, பாக்கிறது வேறையடா. கதை காத்தோடை போயிடும். நீ ஒரு ஆளை உத்துப் பாத்தியெண்டால், அந்த ஆளுக்கு உடம்பிலை ஒட்டிக்கொள்ளும்."

மாப்பிள்ளைமாருக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்களை ஆசை தீரப் பார்ப்பா. தொந்தியை, நரையை, வேட்டி கட்டத் தெரியாமல் பெல்ட் போட்டிருப்பதை. "பாக்கத்தானே அவரை மணவறையிலை இருத்தியிருக்கு" என்பா.

அவா ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒருநாள், கதையோடு கதையாக, யுத்தம் முடிந்த காலத்தில் தான் இருந்த அகதி முகாமைப் பற்றிச் சொன்னா. "குளிக்கேக்கையும் பாத்தவை. சோத்துக்கு வரிசையிலை நிக்கேக்கையும் பாத்தவை. வாகனத்திலை வந்து இறங்கிப் படமும் எடுத்தவை. நல்ல மனுசர்தான், பாவம், எங்களுக்கு உதவி செய்ய வந்தவை." பிறகு தலைப்பாகைக்கு மணி கோர்க்கத் தொடங்கினா.

ஒருமுறை கலியாணம் ஒன்று முடித்து, சின்ன லொறியில் சாமானோடு வந்துகொண்டிருந்தோம். நான் சும்மா சாப்பாட்டுக்குப் போனவன். புளியங்குளச் சந்தி தாண்டி ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. விழுந்த மனுசன் உயிரோடுதான் கிடந்தார், இடுப்பில் கட்டியிருந்த சாரம் மட்டும் எங்கோ போய்விட்டது. சுற்றி ஒரு கூட்டம், கைக்குக் கை போன். அக்கா லொறியிலிருந்து மணவறையின் பின்னால் கட்டும் பட்டுச் சேலையை இழுத்தா. ஒரு நுனியை ஒருவன் கையில் திணித்தா, மறு நுனியை இன்னொருவன் கையில்.

"பிடியுங்கோ. பாக்க வந்தனீங்கள்தானே. அங்காலை திரும்பி நிண்டு பிடியுங்கோ."

அம்புலன்ஸ் வரும்வரை வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு சேலை பிடித்தார்கள். அந்தச் சேலை பிறகு ஒன்றுக்கும் உதவவில்லை.

இனிக் குடையின் கதைக்கு வருகிறேன்.

ரோட்டோரம் லொட்ஜுகளும் மசாஜ் நிலையங்களும் முளைத்த வருடம் அது. பட்டினம் கெட்டுப்போகிறது, பொலிஸ் என்ன செய்கிறது என்று பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். பொலிஸ் செய்தது. கிழமைக்குக் கிழமை சுற்றிவளைப்பு. பிடிபட்டவர்களை ஜீப்பில் கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். இறங்குவதெல்லாம் பெண்கள்தான். லொட்ஜுக்கு ஆம்பிளைகள் போவதே இல்லை என்று ஜீப்பைப் பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார்.

கோட்டு வளவுக்குள் வாகனம் விடுவதில்லை. ஜீப் ரோட்டில் நிற்கும். அங்கிருந்து கோட்டுப் படி வரைக்கும் ஒரு துண்டு சரளைக்கல் நிலம். அவ்வளவு தூரமும் அந்தப் பெண்கள் நடந்தே போகவேண்டும். அந்தத் துண்டு நிலத்துக்காகத்தான் யூரியூப்காரத் தம்பிமார் காலையிலேயே வந்து வெயிலில் காய்வார்கள். பெண்கள் சால்வையால் மூடினால், "முகத்தைக் காட்டு" என்று பின்னால் நின்று யாராவது கத்துவார்கள். மூடச் சால்வை இல்லாதவள் தலைமயிரை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொள்வாள்.

ஒருநாள் அக்கா கலியாணச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தா. கையில் அகப்பட்டது கலியாணக் குடை. சிவப்பு வெல்வெட், சுற்றிவரப் பொன்னிறக் குஞ்சம். ஜீப் வந்து நின்றது, கமராக்கள் எழும்பின. அக்கா ரோட்டைக் குறுக்காகக் கடந்து போய்க் குடையை விரித்தா. மூன்று பெண்கள் அதற்குள் அடங்கினார்கள். அக்கா நடுவில், குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி. வெளியே தெரிந்தது எல்லாம் வெல்வெட்டும் குஞ்சமும் அடியில் எட்டுக் கால்களும்தான்.

பொலிஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார். "அம்மா, என்ன இது?"

"மழை ஐயா."

பொலிஸ்காரர் மேலே பார்த்தார். பங்குனி வெயில், மருந்துக்கும் முகில் இல்லை. அவர் மேலே பார்த்து முடிப்பதற்குள் குடை கோட்டுப் படியில் ஏறிவிட்டது.

பிறகும் அதே குடைதான். சாதாரணக் குடை எடுத்தால் என்ன என்று கேட்டேன். "அதுக்குள்ளை ஒரு ஆள்தான் நிக்கலாம். இது மாப்பிள்ளை, தோழன், மச்சான் எல்லாருக்கும் எண்டு தைச்சது. குஞ்சமும் முகத்துக்கு நேரை விழும்" என்று வியாபாரத் தோரணையில் விளக்கினா. என்னையும் ஒருநாள் பிடித்து ஒரு பக்கக் கம்பியைத் தாங்கச் சொன்னா. எனக்கு அது பிடிக்கவில்லை. கடையில் கொப்பிக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்றேன். "அவையும் பாத்துக்கொண்டுதான் நிக்கினம், வா" என்றா.

மூன்றாம் தரமோ நாலாம் தரமோ, யூரியூப்பில் ஒரு வீடியோ வந்தது. விபசாரிகளுக்குக் கலியாணக் குடை என்று தலைப்பு. ஊர் முழுக்கப் பார்த்தது. கனடாவிலிருந்து அக்காவின் தமையன் கூப்பிட்டு ஏசினார். அதற்கடுத்த கிழமை, வைகாசியில் குறித்திருந்த கலியாணம் ஒன்று வேறு கடைக்குக் கைமாறியது. பிறகு ஒரு சாமத்திய வீடு, பெட்டை பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சடங்கு. தாய்மார் நேரே சொல்லமாட்டார்கள். "உங்கடை குடை நல்ல குடைதான் அக்கா, ஆனா ஆக்கள் கதைக்கினம்" என்பார்கள். மணவறை மட்டும் போதும், குடை வேறு இடத்தில் எடுக்கிறோம் என்றார்கள். பிறகு மணவறையும் வேறு இடத்தில் எடுத்தார்கள்.

அவாவின் மகள் என்னிடம் வந்து அழுதாள். "மாமா, நீங்களாவது சொல்லுங்கோ. அந்தக் கடைதானே எங்களுக்கு எல்லாம்." நான் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "கறுப்புக் குடை பெரிசா வாங்குறன்" என்றா. வாங்கவும் செய்தா.

அந்தச் சூட்டோடுதான் பொது மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். லொட்ஜ் விவகாரத்தை என்ன செய்வது என்று பேச. வர்த்தகர் சங்கத் தலைவர் வந்திருந்தார், பொலிஸ் பொறுப்பதிகாரி வந்திருந்தார், கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துத் தங்கச்சியும் வந்திருந்தாள். அக்கா முன் வரிசையில் போய் இருந்தா. நான் பின் வரிசை, எந்த நேரமும் எழும்பி ஓடக்கூடிய இடம்.

தலைவர் சொன்னார்: "முகத்தைக் காட்டவேணும். காட்டினால்தான் மற்றதுகளுக்குப் பயம் வரும்."

தங்கச்சி சொன்னாள்: "அவையள் குற்றவாளியள் இல்லை ஐயா. கனபேர் ஆட்கடத்தலிலை சிக்குப்பட்டவை. பிடிக்கவேண்டியது கொண்டுவந்து விடுற ஏஜென்சிக்காரரை. இவையளை மீட்கவேணும்."

பொறுப்பதிகாரி சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். அவர் களைத்துப்போயிருந்தார். "பிடிச்சா ஏன் பிடிச்சது எண்டு கேக்கிறீங்க. பிடிக்காட்டி லஞ்சம் வாங்கினது எண்டு சொல்றீங்க. போன மாசம் ஒரு வீட்டுல பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு இருந்தது. பூட்டி வைச்சிருந்தாங்க. நாங்க போகாட்டி அந்தப் பிள்ளை யார் எடுக்கிறது?"

மண்டபம் கொஞ்சம் அடங்கியது. அவர் சொன்னது நியாயம், எனக்கும் அப்படித்தான் பட்டது. தங்கச்சி சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. நான் யார் கடைசியாகப் பேசினாலும் தலையாட்டுகிற ஆள்.

அக்கா எழும்பினா. போனை எடுத்து, வெளிச்சம் எரிய, தலைவரின் முகத்துக்கு ஒரு முழத்தில் பிடித்தா. தலைவர் சிரிக்கப் பார்த்தார். போன் நகரவில்லை. அவர் முகம் சிவந்தது. கையிலிருந்த பைல் கோவையால் முகத்தை மறைத்தார்.

"என்னக்கா இது? ஒரு மரியாதை இல்லையோ?"

"ஏன் தம்பி மறைக்கிறியள்? நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லையே."

அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வரிசையாகப் போனா. ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். ஒருவர் திடீரென்று தொலைபேசி வந்தது போல வெளியே போனார். தொண்டு நிறுவனத்துத் தங்கச்சியின் முறையும் வந்தது. அவளும் முகத்தை மறைக்கக் கை உயர்த்தினாள். "நீங்களும் போன தரம் படம் எடுத்தனீங்கள், பிள்ளை. அறிக்கைக்கு எண்டு சொன்னனீங்கள். அதுக்கும் அவளவை முகத்தைக் காட்டி இருந்து கொடுத்தவளவை" என்றா அக்கா, அவளிடம் மட்டும் கொஞ்சம் மெதுவாக. தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

பொறுப்பதிகாரியிடம் வந்ததும் போனை இறக்கினா.

"ஐயா, பிடியுங்கோ. பிடிக்கவேண்டாம் எண்டு சொல்ல நான் ஆர்? அந்தப் பிள்ளையை எடுத்தது பெரிய புண்ணியம். சட்டம் உங்கடை, வழக்கு நீதவானின்ரை. அந்த ஜீப்பிலையிருந்து கோட்டுப் படி வரைக்கும் மட்டும் எனக்கு விடுங்கோ."

"பாப்பம்" என்றார் அவர். ஆனால் சிரித்தார்.

கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் வடையோடு முடிந்தது. வெளியே வந்ததும், அந்த வீடியோவை என்ன செய்யப்போகிறீர்கள் என்று பயந்து பயந்து கேட்டேன். போனை என்னிடம் நீட்டினா. அதில் வீடியோ எதுவும் இல்லை. ரோர்ச் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு வீடியோ எடுக்கவே தெரியாது.

கூட்டத்துக்குப் பிறகு வந்த சுற்றிவளைப்பில்தான் இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் மல்லாவியிலிருந்து கலியாணப் பெண் ஒருத்தியின் தகப்பன் வந்து அக்காவின் கடையில் இருந்தார். பல மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய கலியாணம். மணவறை, விளக்கு, குடை எல்லாம். நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் குடை இனி அந்த வேலைக்குப் போகக்கூடாது. அக்கா ஓம் என்று சொல்லியிருந்தா. மகள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள், முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

ஜீப் வந்தது. அக்கா கறுப்புக் குடைகளோடு போனா, நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கமராக்கள் முன்னெப்போதையும் விட அதிகம். காற்று வேறு. மற்றப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் ஜீப்பின் தரையில் குந்தி இருக்கையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். தலையை முழங்காலுக்குள் புதைத்திருந்தாள். இருபது வயது இருக்கலாம். பேச்சு மலைநாட்டுப் பக்கத்துப் பேச்சு.

"நான் துணி தொவைக்கிற வேலைதாங்க. தொவைக்கத்தான் போனேன். எறக்காதீங்க. எங்கம்மா போன்ல பாத்துருவாங்க. பாத்தா செத்துருவாங்க."

பெண் பொலிஸ் கையைப் பிடித்து இழுத்தாள். இறங்கவில்லை. பின்னால் யாரோ, "நடிப்பைப் பார்" என்றார். என் கையிலிருந்த கறுப்புக் குடை காற்றில் மறுபக்கம் மடிந்து கம்பி மட்டும் நின்றது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டையும் வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்கா திரும்பிக் கடைக்குப் போனா. மல்லாவிக்காரர் வாசலில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய்க் கலியாணக் குடையை எடுத்தா.

"அக்கா" என்றார் அவர். "அதை எடுத்தியளெண்டால் எங்கடை கலியாணத்துக்கு வேண்டாம்."

மகள் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள். அக்கா மகளைப் பார்த்தா. கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு அவரைப் பார்த்து, "சரி அண்ணை, வேண்டாம்" என்றா.

குடையை ஜீப்புக்குள்ளேயே விரித்தா. அக்கா உள்ளே ஏறிக் குந்தி என்ன சொன்னா என்று எனக்குக் கேட்கவில்லை. குடை முதலில் வெளியே வந்தது, பிறகு அதற்கடியில் இரண்டு பேர் ஒருவராக ஒட்டிக்கொண்டு இறங்கினார்கள். நான் காற்றுப் பக்கம் நின்று குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டேன். பொறுப்பதிகாரியும் அன்றைக்கு வந்திருந்தார். அவர் எங்களுக்கும் கமராக்களுக்கும் நடுவில் வந்து, யாருக்கோ போன் எடுப்பது போல, அகலமாக நின்றார். மனுசன் நல்ல உயரம்.

அந்தப் பிள்ளையின் முகத்தை நான் காணவில்லை. யாரும் காணவில்லை. வழக்கிலிருந்து அவளை விடுவித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் போய்விட்டாள், வீட்டில் ஒன்றும் தெரியாது என்றும் அக்காதான் சொன்னா. எந்த ஊர் என்று கேட்டேன். "உனக்கு என்னத்துக்கு?" என்றா.

மல்லாவிக் கலியாணம் போனது போனதுதான். மகள் இரண்டு நாள் தாயோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே வெல்வெட்டில் பட்ட சேற்றைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். கடை முழுதாக எழும்பவில்லை. அக்கா செத்த வீட்டுக்குப் பந்தலும் தறப்பாளும் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினா. "செத்தவை பேஸ்புக் பாக்கிறேல்லை, தம்பி. நிபந்தனை இல்லாத வியாபாரம்" என்று சிரித்தா. கலியாணங்களும் அங்கொன்று இங்கொன்றாக வந்தன, பெரும்பாலும் கார்மெண்டுக்குப் போகிற பெட்டைகளுடையவை. தாங்களே உழைத்துத் தாங்களே செய்த கலியாணங்கள். அவர்கள் குடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் கடைக்குள்ளேயே அக்கா சரிந்துவிட்டா. இருதயம் என்றார்கள். நான் இடையில் சுவர் இருக்கிற தூரத்தில்தான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. அதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

செத்த வீட்டுக்குச் சனம் நிறைய. சொந்தக்காரர், சந்தைக்காரர், கோட்டுக்காரர், அன்றைக்குக் கூட்டத்தில் முகம் மறைத்த வர்த்தகர் சங்கத் தலைவர்கூட வந்து நின்று கண்ணைத் துடைத்தார். பிறகு பஸ் வர வரப் பெண்கள் வந்தார்கள். தனியாக வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், இரண்டு மூன்று பேராக வந்தவர்கள். யாரோடும் பேசவில்லை. பிரேதத்துக்குக் கிட்டப் போய், முகத்தைப் பார்க்காமல் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பந்தல் ஓரத்தில் போய் இருந்து அழுதார்கள். சொந்தக்காரர் அழுததை விட அதிகமாகவே அழுதார்கள்.

அக்காவின் மகள் என்னிடம் குனிந்து கேட்டாள். "மாமா, அவையள் ஆர்? எனக்கு ஒருத்தரையும் தெரியேல்லையே."

நானும் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவா மணவறையில் இருத்தின பெண்களா, ஜீப்பிலிருந்து இறக்கின பெண்களா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தத் துணி துவைக்கிற பிள்ளையும் அதற்குள் இருந்திருக்கலாம். எல்லாரும் அழுத முகங்கள், எல்லாம் ஒரே மாதிரி முகங்கள்.

"அம்மாவின்ரை ஆக்கள், பிள்ளை" என்று சொல்லிவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.